முப்பத்திரண்டு லுபாங்

சக்கரம் என்றால் வட்டமாக இருக்க வேண்டும். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வட்டமாக இல்லாத சக்கரங்களை நம்பித்தான் நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் சோறு சாப்பிட்டேன்.

போன மாதம் குமார் வீட்டுக்கு வந்திருந்தான். நான் வேலை பார்த்த தெமியாங் மோட்டார் சைக்கிள் கடையில், நான் விட்ட பிறகு சேர்ந்தவன். இப்போது அங்கே அவன்தான் பெரிய மெக்கானிக். "அங்கிள், இப்ப எல்லாம் போன்ல படத்தப் பாத்தே ஸ்போர்ட் ரிம் வாங்கிட்டு வந்துடுறானுங்க. கலர் புடிச்சிருந்தா போதும். மாட்டுன பிறகு செயின் உரசுதுன்னு என்னைத் திட்டுறானுங்க. உங்க காலத்துல எப்படி பாத்து எடுத்தீங்க?" என்று கேட்டான்.

எங்கள் காலத்திலும் ஆள்கள் கலரைப் பார்த்துத்தான் எடுக்க வந்தார்கள். எடுக்கவிடாமல் தடுக்க ஒரு தவுக்கே, அதாவது கடை முதலாளி, இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நிதானமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் ரிம்மில் தொடங்கி என் வீட்டுக் கதையில் போய் நிற்கிறது. குமார் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது சிரம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். எழுபதுகளின் நடுவில் அவர் காலமான பிறகு அம்மாவையும் தங்கை சரசுவையும் கூட்டிக்கொண்டு தெமியாங்குக்கு வாடகை வீடு பார்த்து வந்தேன். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் எட்டு மாதம் இருந்தேன். மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் எழுந்திரு என்ற பிழைப்பு எனக்கு ஒத்துவரவில்லை. ஆ செங் தவுக்கேயின் மோட்டார் கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் டயர் கழற்றினேன். இரண்டாம் வருடம் சக்கரக் கம்பி மாற்றினேன். மூன்றாம் வருடம் சக்கரம் கட்டும் வேலை முழுவதும் என் கைக்கு வந்து, 'ரிம் மணியம்' என்று பேரும் விழுந்துவிட்டது.

ஆ செங் தவுக்கே சீனர். அவர் அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மரியாதைச் சொல் மட்டும் வராது. சின்ன வயதில் அவரிடம் யாரும் 'வாங்க, போங்க' என்று பேசியிருக்க மாட்டார்கள் அல்லவா? கோயில் தலைவர் வந்தாலும் "வா, உக்காரு". போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தாலும் "என்னா வேணும் உனக்கு?" யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தமிழ் பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் வந்தவர்களுக்கு மரியாதை மறந்துவிடும்.

அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. வேலை நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போவார். சரியில்லை என்றால் பால் டின்னில் இருக்கும் கோப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நான் கட்டி வைத்த சக்கரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றி விடுவார். மறுபடியும் கழற்று என்பதற்கு அதுதான் உத்தரவு.

ரிம் மாற்ற வருகிறவர் யாராக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்காமல் அலமாரிப் பக்கம் விடமாட்டார். எந்த ரோடு? எவ்வளவு தூரம்? பின்னால யாரு? இந்த மூன்றாவது கேள்வியால் கடையில் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் "சம்சாரம்" என்றார். "எத்தனை கிலோ?" என்று தவுக்கே அடுத்துக் கேட்க, பக்கத்தில் நின்ற அந்த அம்மா கைப்பையை ஓங்கிவிட்டார். தவுக்கே அசரவில்லை. "உனக்குக் கோவம் வந்தா நீ கத்துவே. ரிம்முக்குக் கோவம் வந்தா யாரு பாக்குறது?" என்றார்.

கேள்விகளில் அர்த்தம் இருந்தது. ஸ்போர்ட் ரிம் என்பது அலுமினியத்தை உருக்கி ஒரே வார்ப்பாக வார்த்தது. பார்க்க அழகு, கழுவ சுலபம், தார் ரோட்டில் ராஜா. ஆனால் குழியில் ஓங்கி விழுந்தால் வளையத் தெரியாது, விரிசல் விடும். கம்பிச் சக்கரம் அப்படியல்ல. வளையும், முனகும், ஒன்றிரண்டு கம்பி அறும். திருப்பி இழுத்து நேராக்கிவிடலாம். "வளையிற ரிம்மு உன்னை வீட்டுக்குக் கொண்டாந்து விடும். உடையிற ரிம்மு ஆஸ்பத்திரில விடும். உனக்கு எங்க போவணும்?" என்பார் தவுக்கே.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ராஜேந்திரன் கடைக்கு வந்தார். ரெம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. இருபத்தெட்டு வயது இருக்கும், தேய்த்த சட்டை, இரண்டு ஸ்ட்ரோக் ஸ்போர்ட் மோட்டார். பின்சக்கர ஸ்போர்ட் ரிம்மில், நடுவிலிருந்து வரும் ஒரு கை வளையத்தோடு சேரும் இடத்தில், தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல்.

எனக்குக் கிராணி என்றாலே கொஞ்சம் ஆகாது. தோட்டத்தில் அப்பா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருக்கும் கிராணி நிமிர்ந்து பார்க்க ஒரு யுகம் ஆகும். வீட்டில் நான் கிராணிமார் நடப்பதையும் தொண்டையைக் கனைப்பதையும் நடித்துக் காட்டி அம்மாவையும் சரசுவையும் சிரிக்க வைப்பேன். ஆனால் இந்தக் கிராணி வேறு மாதிரி இருந்தார். எனக்கு ஒன்றிரண்டு வயதுதான் இளையவர், அதற்குள் வார்த்தைக்கு வார்த்தை "அண்ணே". நான் எழுந்தால் அவரும் எழுந்தார். என் கைத்திறமை ரெம்பாவ் வரைக்கும் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு அப்போது புதிதாக வந்திருந்த மூன்று கை ஸ்போர்ட் ரிம் மேல் ஆசை. தவுக்கே கேள்வியை ஆரம்பித்தார்.

"எந்த ரோடு?"

"மெயின் ரோட்டுல இருந்து உள்ள ரெண்டு மைலு செம்மண் ரோடு, தவுக்கே. லுபாங் ஜாஸ்தி."

லுபாங் என்றால் மலாயில் ஓட்டை, குழி எல்லாம்தான். எங்கள் பக்கத்துத் தமிழில் குழி என்ற சொல்லையே பாதிப் பேர் மறந்துவிட்டோம்.

"பின்னால யாரு?"

"யாரும் இல்ல தவுக்கே. நான் மட்டுந்தான்."

தவுக்கே மோட்டாரை ஒரு முறை சுற்றி வந்தார். கோப்பி ஒரு வாய். "உனக்குக் கம்பி ரிம்முதான். அது வர்ற வரைக்கும் தனியா போனா மெதுவா போ. ரெண்டு பேருன்னா தள்ளிட்டுப் போ" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வழக்கமான கிண்டல் என்று நான் விட்டுவிட்டேன். சக்கரத்தை அன்றைக்கே கழற்றி வைத்திருக்க வேண்டும். தோட்டத்தில் வேறு வண்டி இல்லை, வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் கெஞ்சினார். விரிசலின் இரண்டு முனையிலும் ஆணியால் ஒவ்வொரு கீறல் போட்டேன். விரிசல் கீறலைத் தாண்டினால் வண்டியை எடுக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். என் தவறு அது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

கம்பிச் சக்கரத்துக்கு ஹப் வேண்டும், அதாவது நடுக்குடம். அதை ராஜேந்திரன் ரெம்பாவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கித் தன் குவாட்டர்ஸில் வைத்திருப்பதாகச் சொன்னார். ஹப்பில் எத்தனை துளையோ அத்தனை துளை ரிம்மிலும் இருக்க வேண்டும். முப்பத்தாறு உண்டு, முப்பத்திரண்டும் உண்டு. கோலாலம்பூருக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னால் தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"கிராணி சார், மணியம் பேசுறேன். ரிம் ஆர்டர் பண்ணணும். லுபாங் எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் எண்ணணுமாண்ணே?"

"பின்ன? ஒண்ணு விட்டாலும் ரிம் ஒத்து வராது."

"அப்படியா! சரிண்ணே, சரியா எண்ணிச் சொல்றேன்."

இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. "மழை பேஞ்சு தண்ணி நின்னுடுச்சு, அதான் லேட்டு. முப்பத்திரண்டுண்ணே. ரெண்டு தடவை எண்ணிட்டோம்."

வீட்டுக்குள் இருக்கும் ஹப்பில் துளை எண்ண மழை எப்படிக் குறுக்கே வந்தது என்று யாராவது கேட்டிருப்பார்களா, மாட்டார்களா? நான் கேட்கவில்லை. கிராணி அல்லவா, செக்ரோல் பேரேட்டில் எழுதிப் பார்த்துத்தான் எதையும் சொல்வார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு முப்பத்திரண்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். நாற்பத்தொன்று என்று சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இடையில் ஒரு நாள் ரிம் வந்துவிட்டதா என்று கேட்க வந்தார். கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார். அம்மா சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். சரசு மட்டும் வேண்டாம் என்றாள். மத்தியானமே அதே மரத்துப் பழத்தைச் சாப்பிட்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சனிக்கிழமை ரிம் வந்தது. ஹப்பும் அன்றைக்கே தோட்டத்து லாரியில் வந்து சேர்ந்தது. கம்பி கோத்துக்கொண்டே போனால் ஹப்பில் நான்கு துளை மிச்சம். எண்ணினேன், முப்பத்தாறு. தவுக்கே அன்றைக்குச் சக்கரத்தைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். எண்ணத் தெரியாதவனை எவன் கிராணியாக்கினான் என்று நான் வாய்விட்டுத் திட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா சரசுவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டார். சரசு அப்போது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. காலை முதல் பஸ்ஸில் ரெம்பாவ் போவாள். அங்கிருந்து டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போகத் தோட்டத்து வேன் வரும் என்று சொல்லியிருந்தாள்.

"பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருக்கும்மா. ரோடுதான் மோசம். ரெண்டு மைல்ல லுபாங் மட்டும் முப்பத்திரண்டு."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"யாரு எண்ணுனது?"

"நான்தான். ரெண்டு தடவை எண்ணுனேன்."

"வேன்ல போற ஆளுக்கு லுபாங் எண்ண என்னா அவசியம்?"

"சும்மாதாண்ணே" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து ரசத்தை ஊற்றிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் கேட்டது ஹப்பில் இருக்கும் லுபாங். அவர்கள் எண்ணியது ரோட்டில் இருக்கும் லுபாங். ராஜேந்திரன் ஓட்ட, என் தங்கை பின்னால் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். இதைப் புரிந்துகொண்டு சிரிக்க வாய் திறந்தபோதுதான் மற்றது உறைத்தது. அந்த விரிசல் விழுந்த சக்கரத்தின் மேல்தான் தினமும் என் தங்கை போய்க்கொண்டிருக்கிறாள். அம்மாவின் முன்னால் கேட்க வேண்டாம் என்று கை கழுவ எழுந்துவிட்டேன்.

விடிந்ததும் சரசு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டியதும் நான் தவுக்கே வீட்டுக்கு ஓடி வேன் சாவி கேட்டேன். விஷயத்தைக் கேட்டவர் பனியனோடு வந்து வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வழியில் சொன்னார், "எனக்கு அன்னைக்கே தெரியும்லா. அவன் மோட்டார்ல பின்னால காலு வைக்கிற கட்டை, இடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. சேலை கட்டுனவ சைடா உக்காருறா."

"அப்ப ஏன் தவுக்கே என்கிட்ட சொல்லல?"

"உன் தங்கச்சின்னு கட்டையிலயா எழுதியிருக்கு?"

பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். ரெம்பாவ் பஸ் நிற்கும் இடத்தில் ராஜேந்திரன் மோட்டாரின் மேல் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சீப்பு கையிலிருந்து நழுவியது. நான் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். விரிசல் என் கீறலைத் தாண்டி ஓர் அரிசி நீளம் போயிருந்தது. நான் வழிநெடுகச் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதோ, அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் வந்தது. சரசு இறங்கினாள். என்னைப் பார்த்தாள், தவுக்கேயின் பனியனைப் பார்த்தாள், ஓடவும் இல்லை, அழவும் இல்லை. நான் அவளைக் கூப்பிட்டு விரிசலைக் காட்டினேன்.

"சத்தியமா நான் கீறலப் பாக்காம வந்துட்டேண்ணே" என்றார் ராஜேந்திரன். "தப்பு என்மேலதான். நான் உங்க கடைக்கு வந்ததே உங்ககிட்ட முறையா கேக்கத்தான். ரெண்டு தடவை வந்தேன். ரெண்டு தடவையும் ரிம்மப் பத்தியே பேசிட்டுத் திரும்பிட்டேன்."

"பின்னால யாருன்னு கேட்டப்ப யாரும் இல்லன்னு சொன்னீங்களே!"

அதற்குச் சரசுதான் பதில் சொன்னாள். "ரிம் கட்டுறவர்கிட்ட உண்மையத்தான் சொல்லணும், எனக்கும் தெரியும். ரிம் கட்டுறவரே எங்க அண்ணனா இருந்தா எப்படிண்ணே சொல்றது? நீ வேற கிராணி மாதிரி நடந்து காட்டிச் சிரிப்பே. கிராணி வீட்டுக்கு நீ ஒத்துக்குவியான்னு எனக்குப் பயம்."

சரசுவின் பயம் பொய்யில்லை. கிராணி வீட்டார் என் தங்கையை எப்படி நடத்துவார்கள்? பால் வெட்டுக்காரன் மகள் என்று ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டால்? ஆள் நல்லவன்தான், லுபாங் எண்ணச் சொன்னால் மழை விடும் வரை காத்திருந்து எண்ணுகிறவன். ஆனாலும் என் மனம் சட்டென்று இறங்கி வரவில்லை. "சக்கரம் முடியட்டும். பிறகு பேசலாம்" என்று மட்டும் சொன்னேன். மோட்டாரை வேனில் ஏற்றினோம். சரசு தோட்டத்து லாரியில் முன்சீட்டில் ஏறிப் பள்ளிக்குப் போனாள். ராஜேந்திரன் நடந்தார்.

முப்பத்தாறு துளை ரிம் வர ஒரு வாரம் ஆயிற்று. சொல்லி அனுப்பாமலே ராஜேந்திரன் அன்று காலை லீவு போட்டுவிட்டு வந்து கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்று கை ஸ்போர்ட் ரிம்மைப் பற்றி மூச்சு விடவில்லை.

சக்கரம் கட்டுவது இப்படித்தான். முதலில் உள்பக்கக் கம்பிகள், பிறகு வெளிப்பக்கக் கம்பிகள், ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டி வரும்படி கோக்க வேண்டும். எல்லாத் திருகையும் ஒரே அளவு கையால் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டாண்டில் மாட்டி, சாக்குக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சுற்ற வேண்டும். எங்கே சாக்கு படுகிறதோ அந்தப் பக்கம் கோணல். அங்கே ஒரு கம்பியைக் கால் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்க வேண்டும். அரைத் திருகு கூடாது, அவசரக்காரன் செய்வது அது. இடவலம் சரியான பிறகு மேல்கீழ். கடைசியில் ஒவ்வொரு கம்பியையும் திருகு முடுக்கும் சாவியால் தட்டிக் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே சத்தம் கொடுத்தால் முடிந்தது.

எனக்கு இது அரை நாள் வேலை. அன்றைக்கு மத்தியானம் தாண்டியும் முடியவில்லை. சாக்கு எங்கும் படவில்லை. எனக்குப் படுகிற மாதிரி இருந்தது. கால் திருகு ஏற்றினேன், இறக்கினேன். கம்பிகளைத் தட்டினேன், மறுபடியும் தட்டினேன். சக்கரம் முடிந்தால் நான் பேச வேண்டும். ராஜேந்திரன் எனக்கு வாங்கிக் கொடுத்த கோப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

தவுக்கே எழுந்து வந்தார். அவர் விரலை நீட்டி சக்கரத்தைச் சுற்றி விட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது. நிற்கும் வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சக்கரம் நேராத்தான் இருக்கு" என்றார். "ஆடுறது நீதான்லா."

நான் சாவியைக் கீழே வைத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்பினேன். ராஜேந்திரன் எழுந்து நின்றார்.

"மாப்ளே," என்றேன், "இப்படி வந்து ஒரு தடவை பாருங்க."